பழைய தங்கக் கைக்கடிகாரம் நின்றுவிட்டதா? அறிகுறி வாரியாகக் கோளாறு பார்க்கும் முறை

பெண்களுக்காகச் செய்த சின்னத் தங்கக் கைக்கடிகாரங்கள், அதிலும் 1920களுக்கும் 1970களுக்கும் நடுவில் வந்த சாவி கொடுத்து ஓட்டும் வகை, இப்போது ஒழுங்காக ஓடும் நிலையில் கிடைப்பது அரிது. மட்டமாகச் செய்ததால் இப்படி ஆகவில்லை. நின்றுபோனதும் "இதை இனி யார் சரிசெய்வது" என்று தங்க உறையை எடைக்குப் போட்டார்கள், உள்ளே இருந்த இயந்திரத்தைத் தூக்கி எறிந்தார்கள். 1980 ஜனவரியில் லண்டன் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 850 டாலருக்கு ஏறிய சமயத்தில் இப்படி உருகிப்போனவை ஏராளம். அவற்றில் பாதிக்கு மேல் காய்ந்த எண்ணெயைத் தவிர வேறு குறையே இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

தங்கத்தை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சின்ன மூவ்மென்டுகளில் (உள்ளே இருக்கும் இயந்திரங்களில்) பெரும்பாலானவற்றை இனி யாரும் செய்யப்போவதில்லை. கீழே சொல்வது எல்லாவற்றையும் இதை மனதில் வைத்துப் படியுங்கள்: காப்பாற்ற வேண்டியது உள்ளே ஓடுவதை.

இவை எவ்வளவு சின்னவை என்று தெரிந்தால் கை தானாக நிதானப்படும். வாட்ச் மூவ்மென்டை 'லீன்' என்ற பழைய பிரெஞ்சு அளவில் சொல்வார்கள், ஒரு லீன் 2.256 மில்லிமீட்டர். பெண்கள் கடிகாரத்தில் 5 லீன் சாதாரணம், அதாவது பதினொரு மில்லிமீட்டர் சொச்சம். ஸ்விஸ் நிறுவனமான ஜேகர் லெகூல்த்ர் 1929இல் கொண்டுவந்த காலிபர் 101 (காலிபர் என்றால் இயந்திர மாடல்) இன்னும் சின்னது: 14 மில்லிமீட்டர் நீளம், 4.8 மில்லிமீட்டர் அகலம், மொத்த எடை ஒரு கிராம் அளவு. இரண்டாம் எலிசபெத் 1953இல் முடிசூட்டிக்கொண்டபோது கையில் கட்டியிருந்தது இந்த இயந்திரம் உள்ள கடிகாரத்தைத்தான். இந்த வகையில், இப்படியும் அப்படியும் ஆடி வேகத்தை நிர்ணயிக்கும் பேலன்ஸ் வீல் என்ற சக்கரத்தின் அச்சு முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பழையவை பலவற்றில் அதிர்ச்சி தாங்கும் ஸ்பிரிங்கும் கிடையாது. ஆண்கள் கடிகாரத்தை உதறி ஓடவைத்த பழக்கத்தை இதில் காட்டினால் அந்த முனை உடைந்துவிடும்.

தொடங்கும் முன்

ஒரு லென்ஸ், ஒரு சின்னக் காந்தத் திசைகாட்டி, மெத்தென்ற துணி, குறித்து வைக்க ஒரு தாள், இவை போதும். பின்மூடியைத் திறக்கும் கத்தி இந்தப் பட்டியலில் இல்லை. தங்கப் பின்மூடி மெல்லியது, திறக்கும் உதடு நகத்தின் நுனி அளவுதான் இருக்கும், கத்தி ஒருமுறை வழுக்கினால் தங்கத்தில் கீறல், இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் பேலன்ஸ் வீலை ஆடவைக்கும் முடி போன்ற சுருளான ஹேர்ஸ்பிரிங் காலி. சில உறைகளில் பின்பக்கம் திறக்கவே திறக்காது, இயந்திரம் முன்பக்கமாக வெளியே வரும், அதைத் தெரியாமல் நெம்பிப் பள்ளம் விழுந்த உறைகளைப் பார்த்தால் வயிறு எரியும்.

முதலில் உங்களுடையது எந்த வகை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சாவி கொடுப்பதா, கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கா, பேட்டரியா? பக்கத்தில் கிரவுனே (சாவி கொடுக்கும் குமிழ்) இல்லையென்றால் உடைந்து விழுந்துவிட்டது என்று பதறாமல் பின்பக்கம் பாருங்கள். 1925இல் வந்த டியூவோபிளான், மேலே சொன்ன 101 போன்றவற்றில் சாவி கொடுக்கும் தட்டையான குமிழ் முதுகில் இருக்கும்.

இன்னொன்று, இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வினாடி முள் கிடையாது. ஓடுகிறதா இல்லையா என்பதைக் காதில் வைத்துத்தான் சொல்ல முடியும். மணிக்கு 18,000 முறை துடிக்கும் இயந்திரம் வினாடிக்கு ஐந்து டிக், 21,600 என்றால் ஆறு. எண்ண வேண்டாம், சீராக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். "டிக் டிக் டிக்" என்று சம இடைவெளியில் வந்தால் நல்லது, "டிக்டிக்... டிக்டிக்..." என்று நொண்டினால் அதைத் தாளில் எழுதிவையுங்கள்.

சாவி கொடுத்தால் முடிவில்லாமல் சுற்றுகிறது

ஆட்டோமேட்டிக்காக இருந்தால் இது கோளாறே இல்லை. ஒமேகா 1955இல் லேடிமேட்டிக்கைக் கொண்டுவந்ததிலிருந்து பெண்கள் அளவிலும் ஆட்டோமேட்டிக் உண்டு, அதில் மெயின்ஸ்பிரிங் (கடிகாரத்தை ஓட்டும் முக்கிய ஸ்பிரிங்) நிறைந்ததும் உள்ளே வழுக்கிக்கொள்ளும்படிதான் செய்திருப்பார்கள்.

கையால் மட்டும் சாவி கொடுப்பது என்றால் இப்படிப் பிரித்துப் பாருங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் லேசாகச் சுற்றினால் மெயின்ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, திடீரென்று 'டக்' என்று விட்டு, மறுபடி இறுகினால் ஸ்பிரிங்கின் வெளிமுனை, அது சுருண்டிருக்கும் டிரம்மின் சுவரில் பிடிப்பு இழந்து நழுவுகிறது. கர கரவென்று அரைக்கும் சத்தத்தோடு நழுவினால் ஸ்பிரிங் நன்றாகவே இருக்கலாம், கிரவுன் தண்டில் இருக்கும் சின்னப் பற்சக்கரம் தேய்ந்திருக்கும்.

பழைய நீல எஃகு ஸ்பிரிங் பெட்டியில் சும்மா கிடக்கும்போதே உடையும், யார் மேலும் பழி போட வேண்டியதில்லை. இப்போது துருப்பிடிக்காத கலப்பு உலோகத்தில் கிடைக்கிறது, அகலம், தடிமன், நீளம், டிரம்மின் உள்விட்டம் நான்கும் பொருந்தினால் போட்டுவிடலாம். மெக்கானிக்கிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள்: உடையும்போது ஸ்பிரிங் சடாரென்று விரியும், அந்த வேகத்தில் டிரம்மின் பல்லோ அடுத்த சக்கரத்தின் அச்சோ அடிபட்டிருக்கும், அதையும் பார்க்காமல் புது ஸ்பிரிங்கைப் போட்டுக் கொடுத்தால் சில நாளில் திரும்பவும் நிற்கும்.

விரலை எடுத்ததும் கிரவுன் பின்னோக்கி ஓடுகிறது

ஏறிய சாவி திரும்ப இறங்காமல் பிடிக்கும் கிளிக் என்ற சின்ன நாக்கு அல்லது அதன் ஸ்பிரிங் போய்விட்டது. இந்த நிலையில் தொடர்ந்து சாவி கொடுக்காதீர்கள், மொத்த விசையும் ஒரே நேரத்தில் திரும்பி வந்து வேறு எதையாவது உடைக்கும். சரிசெய்ய எளிது.

சாவி இறுகி நிற்கிறது, கடிகாரம் ஓடவில்லை

"அதிகமாகச் சாவி கொடுத்துவிட்டேன், அதனால் நின்றுவிட்டது" என்று அடிக்கடி சொல்வார்கள். அப்படி ஒரு நோயே கிடையாது. முழுக்கச் சாவி ஏறிய நிலை கடிகாரத்துக்கு இயல்பானது, அதற்காகத்தான் அந்த ஸ்பிரிங்கை வைத்திருக்கிறார்கள். அந்த விசை கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேரவில்லை என்பதுதான் உண்மையான சிக்கல், பத்தில் ஒன்பது முறை அதற்குக் காரணம் எண்ணெய்.

இந்தக் கடிகாரங்கள் செய்த காலத்தில், டால்பின் இனத்தைச் சேர்ந்த கடல் பாலூட்டிகளின் தாடையிலிருந்து எடுத்த எண்ணெய்தான் உயர்ந்த வாட்ச் எண்ணெய் என்று பெயர் வாங்கியிருந்தது. அன்றைக்கு அதைவிட நல்லது இல்லை, ஆனால் வருடக்கணக்கில் வைத்தால் பிசினாகிவிடும். பெரிய இயந்திரத்தில் ஸ்பிரிங்கின் பலம் அந்தப் பிசினை மீறி இழுத்துவிடும். 5 லீன் இயந்திரத்தில் அந்தப் பலம் இல்லை. அதனால்தான் அப்பாவுடைய கடிகாரம் சர்வீஸ் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்க, கூடவே வாங்கிய அம்மாவுடைய கடிகாரம் மட்டும் படுத்துவிடுகிறது.

இதற்குத் தீர்வு ஒன்றே ஒன்று: முழுக்கப் பிரித்து, கழுவி, புது எண்ணெய் வைத்துத் திரும்பக் கோப்பது. தையல் மெஷின் எண்ணெய், துரு விடுவிக்கும் ஸ்பிரே, லைட்டர் பெட்ரோல் என்று எதையும் இடுக்கில் விடாதீர்கள். பழைய பிசின் கரைந்து ஹேர்ஸ்பிரிங் மேல் ஏறும், ஒரு சர்வீசில் முடிய வேண்டிய வேலை இரண்டு மடங்காகும். ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சூடேற்றினால் ஓடுகிறது என்பார்கள், உண்மைதான், ஓடும். காய்ந்த எண்ணெயோடு ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் அச்சு முனை தேய்கிறது, அந்தத் தேய்மானம் திரும்ப வராது.

கையில் எடுத்தால் ஓடுகிறது, மேஜையில் வைத்தால் நிற்கிறது

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் இதே அறிகுறிக்குப் பின்னால் அற்பக் காரணமும் இருக்கலாம், பெரிய காரணமும் இருக்கலாம்.

முழுக்கச் சாவி கொடுங்கள். கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு கொடுக்க வேண்டாம், கழற்றிப் பிடித்துக்கொண்டு கொடுங்கள், கட்டியபடி கொடுத்தால் தண்டு ஒரு பக்கமாக வளைந்து அழுத்தப்படும். அப்புறம் டயல் மேலே பார்க்க வைத்து அரை மணி நேரம் கழித்துக் காதில் வையுங்கள். அதேபோல் டயல் கீழே, கிரவுன் கீழே, கிரவுன் மேலே. ஒவ்வொரு நிலையிலும் ஓடியதா நின்றதா என்று எழுதுங்கள்.

டயல் மேலே இருக்கும்போது மட்டும் நின்று, கவிழ்த்தால் ஓடினால் (அல்லது இதற்கு நேர்மாறாக நடந்தால்) பேலன்ஸ் அச்சின் ஒரு முனையைச் சந்தேகிக்கலாம்: முனை தட்டையாகியிருக்கும், அல்லது அது உட்காரும் சின்ன மாணிக்கக் கல்லில் விரிசல் இருக்கும். கீழே விழுந்த கடிகாரத்தில் இது சகஜம். படுக்க வைத்தால் இரு பக்கமும் நன்றாக ஓடி, நிமிர்த்தி வைக்கும்போது மட்டும் நின்றால் அழுக்கும் காய்ந்த எண்ணெயும்தான் முதல் சந்தேகம், அதோடு பேலன்ஸ் வீலின் எடைச் சமநிலையும். எல்லா நிலையிலும் ஓடி, சாவி பாதிக்கு இறங்கியதும் நின்றால் மெயின்ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கூடவே அழுக்கும் இருக்கும்.

இந்த நாலு வரிக் குறிப்பை மெக்கானிக்கிடம் கொடுத்துப் பாருங்கள். "சில சமயம் ஓடுது, சில சமயம் நிக்குது" என்று சொல்லிக் கொடுப்பதற்கும் இதற்கும் அவர் கவனிப்பில் வித்தியாசம் தெரியும். விஷயம் தெரிந்தவர் என்றால் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்வார்.

பேலன்ஸ் அச்சு உடைந்திருந்தால் கிடைக்கவில்லை என்றே எடுத்த எடுப்பில் சொல்வார்கள். பழைய இருப்பில் தேடலாம், அதே இயந்திரத்தின் இன்னொரு பிரதியிலிருந்து பேலன்சை முழுதாக எடுத்து மாற்றலாம், லேத்தில் புதிதாகக் கடைந்தும் தரலாம். கடைசி வழி தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், செலவு ஆகும், அரிய கடிகாரத்துக்கு அந்தச் செலவு தகும்.

தினமும் ஒரே நேரத்தில் நிற்கிறது

இது எனக்குப் பிடித்த அறிகுறி, ஏனென்றால் கடிகாரமே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். நிற்கும் இடத்தில் இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்று வருகிறதா என்று லென்ஸ் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். சின்ன டயலில் முட்களுக்கு நடுவே இடைவெளி முடி அளவுதான், ஒன்று லேசாக வளைந்தாலே இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கு ஒருமுறை ஒரே நிமிடத்தில் நின்றால் நிமிட முள் கண்ணாடியிலோ டயலின் புடைத்த எண்ணிலோ உரசுகிறது, அல்லது அது உட்கார்ந்திருக்கும் சக்கரத்தில் ஒரு பல் கெட்டிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் மணி முள், அல்லது அதன் சக்கரம்.

கண்ணாடி மாற்றிய பிறகு இது தொடங்கியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். முன்பு வளைந்து மேலெழுந்த கண்ணாடி இருந்த இடத்தில் தட்டையானதைப் போட்டிருப்பார்கள். முள்ளை நீங்களே வளைத்துப் பார்க்க வேண்டாம், வளைக்கும்போது டயலில் படும் ஒரு கீறல் கடிகாரத்தின் மதிப்பைச் சட்டென்று குறைத்துவிடும்.

டிக் சத்தம் வருகிறது, முள் நகரவில்லை

நேரம் வைக்கும்போது கிரவுன் வழவழவென்று எந்தப் பிடிப்பும் இல்லாமல் சுற்றுகிறதா? அப்படியானால் கேனன் பினியன் தளர்ந்துவிட்டது. நிமிட முள்ளைத் தாங்கும் சின்னக் குழாய் அது, நடு அச்சில் உராய்வால் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். இயந்திரத்தோடு சுற்றவும் வேண்டும், நேரம் வைக்கும்போது வழுக்கவும் வேண்டும். பிடிப்பு போனால் இயந்திரம் சரியாக ஓடும், முள் பின்தங்கும் அல்லது அப்படியே நிற்கும். லேசாக இறுக்கினால் போதும், சின்ன வேலை. "தினமும் அரை மணி நேரம் ஸ்லோ" என்று வரும் புகார்களில் சில இதுதான். சத்தம் சீராக இருந்தும் நேரம் பெரிதாகப் பின்தங்கினால் இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வேகமாக ஓடுகிறது

ஒரு நாளில் ஒன்று இரண்டு நிமிடம் முன்னே பின்னே போவது இந்த அளவுக் கடிகாரத்துக்குக் குறையே இல்லை. தினமும் ஒரே அளவில் போகிறதா என்பதுதான் முக்கியம், ஒரே அளவு என்றால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் நெம்பை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். நாளுக்குப் பல நிமிடம், சில சமயம் மணிக்கே பல நிமிடம் முன்னே ஓடினால்தான் கோளாறு.

முதல் சந்தேகம் காந்தம். கைப்பையின் காந்தக் கொக்கி, ஃபோன் உறை, டேப்லெட் மூடி, இயர்ஃபோன் பெட்டி: பெண்கள் கடிகாரம் கழற்றி வைக்கப்படும் இடம் பெரும்பாலும் இவற்றுக்குப் பக்கத்தில்தான். ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஸ்பிரிங் குட்டையானதுபோல் ஆகி பேலன்ஸ் வேகமாக ஆடும். பழைய நீல எஃகு ஹேர்ஸ்பிரிங்குக்கு இது எளிதில் நடக்கும். சார்ல் எதுவார் கியோம் நிக்கல் எஃகில் செய்த ஆராய்ச்சிக்காக 1920இல் இயற்பியல் நோபல் பெற்றார். அவருடைய எலின்வார் கலவையும் பின்னால் வந்த நிவாராக்ஸ் போன்றவையும் முதலில் வெப்பநிலைக்காக உருவானவை, காந்தத்தையும் எஃகைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் முழுக்கத் தப்பாது.

சோதிக்க, திசைகாட்டியை மேஜையில் வைத்து, ஓடும் கடிகாரத்தை மெல்ல அதன் மேல் கொண்டுபோங்கள். திசைகாட்டியின் முள் துடித்தாலோ, கடிகாரத்தைத் திருப்பத் திருப்பக் கூடவே வந்தாலோ காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வேலைதான், திறக்கக்கூட வேண்டாம். சர்வீஸ் என்று பெரிய தொகை கேட்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

காந்தம் இல்லையென்றால் ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டுச் சுருள்கள் ஒட்டியிருக்கலாம், அல்லது விழுந்ததில் சுருள் சிக்கியிருக்கலாம். சாவி முழுக்கக் கொடுத்த முதல் சில மணி நேரம் மட்டும் பயங்கர வேகமாக, குதிரை ஓடுவதுபோல் சத்தத்தோடு ஓடினால், யாரோ அளவுக்கு மீறிய பலமுள்ள மெயின்ஸ்பிரிங்கைப் போட்டிருக்கிறார்கள். பேலன்ஸ் ஒரு முழுச் சுற்றுக்கு நெருக்கமாக ஆடி மறுபக்கம் மோதுகிறது. அப்படியே விட்டால் பேலன்சில் இருக்கும் இம்பல்ஸ் கல் என்ற சின்னக் கல் உடையும்.

ஃபோன் செயலிகளில் டிக் சத்தத்தைக் கேட்டு வேகம் சொல்பவை இருக்கின்றன. வேகத்துக்கும் நொண்டல் அளவுக்கும் அவை உதவும். ஆனால் பேலன்ஸ் எத்தனை டிகிரி ஆடுகிறது என்று காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அது லிஃப்ட் ஆங்கிளை (ஒவ்வொரு டிக்கிலும் பேலன்ஸ் உந்துதலோடு தொடர்பில் இருக்கும் கோணம்) பொறுத்தது, செயலி வழக்கமாக 52 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போடும், சின்ன இயந்திரங்களில் அது வேறாக இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து நல்ல கடிகாரத்தைக் கழித்துக்கட்ட வேண்டாம்.

கிரவுன் கையோடு வந்துவிட்டது

தண்டோடு வந்ததா, குமிழ் மட்டும் வந்ததா என்று பாருங்கள். சில உறைகளில் தண்டு இரண்டு துண்டாக இருக்கும், இழுத்தால் பிரிந்து, அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், அப்படித்தான் இயந்திரத்தை முன்பக்கமாக வெளியே எடுப்பார்கள். மற்றவற்றில் தண்டைப் பிடித்திருக்கும் திருகு நாளாவட்டத்தில் தளர்ந்திருக்கும். திரும்பச் செருகி அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள், உள்ளே சின்னப் பற்சக்கரங்கள் இடம் மாறியிருந்தால் டயலைக் கழற்றித்தான் சரிசெய்ய முடியும்.

குமிழைப் பத்திரமாக ஒரு சிமிழில் போட்டு வையுங்கள். அசல் தங்கக் குமிழ், அதிலும் கல் பதித்தது, தொலைந்தால் அதே மாதிரி கிடைக்காது. திறந்திருக்கும் துளை வழியாகத் தூசி போகும், மெல்லிய காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

கண்ணாடிக்குள் நீராவி

எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான். இந்தக் கடிகாரங்களில் நீர்த்தடுப்பு ரப்பர் வளையம் பெரும்பாலும் கிடையவே கிடையாது, கை கழுவும் தண்ணீரே போதும். தங்கம் துருப்பிடிக்காது என்ற தைரியத்தில் விட்டுவிடுகிறார்கள், உள்ளே தண்டு, திருகுகள், ஸ்பிரிங்குகள் எல்லாம் எஃகு. ஒரே நாளில்கூட துரு தொடங்கிவிடும்.

சாவி கொடுக்காதீர்கள். கிரவுனை நேரம் வைக்கும் நிலைக்கு இழுத்து விடுங்கள், ஈரம் வெளியேற ஒரு வழியாவது கிடைக்கும். அரிசியில் புதைக்க வேண்டாம், மாவுத்தூள்தான் உள்ளே போகும். ஹேர் டிரையர் காட்டினால் ஈரம் ஆவியாகி இன்னும் ஆழமாகப் போய் மறுபடி படியும், டயலின் அரக்குப் பூச்சும் கொப்பளிக்கும். அன்றைக்கே மெக்கானிக்கிடம் திறந்து உலர்த்தச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் போயிருந்தால் அவரை அழைத்து முதலில் என்ன செய்வது என்று கேளுங்கள், மணிக்கணக்கு இங்கே முக்கியம்.

டயலில் கறை, புள்ளி, விரிசல்

தொடாதீர்கள். பழைய டயலில் பெரும்பாலும் வெள்ளிப் பூச்சு, அதன் மேல் மெல்லிய அரக்கு. ஈரத் துணியால் துடைத்தால் எழுத்தே கையோடு வரும். வயதான டயலில் லேசான மஞ்சளும் புள்ளிகளும் இருப்பதை அரிய கடிகாரம் சேர்ப்பவர்கள் விரும்பவே செய்கிறார்கள், புதிதாகப் பூசி எழுதிய டயலை அவர்கள் ஒதுக்குகிறார்கள்.

கல் டயல் என்றால் இன்னும் கவனம். பியாஜே என்ற ஸ்விஸ் கடிகார நிறுவனம் 1960களில் லாபிஸ், மலகைட், டர்கொய்ஸ், புலிக்கண் போன்ற கற்களை மெல்லிய தகடாக அறுத்து டயலாக வைத்தது, 1957இல் அவர்கள் செய்த 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள 9பி இயந்திரம் மெல்லியதாக இருந்ததால்தான் கல்லுக்கு இடம் கிடைத்தது. இந்தக் கல் அழுத்தம் தாங்காது. முள் எடுக்கும்போது, கண்ணாடி மாட்டும்போது, சில சமயம் பின்மூடியை அழுத்தி மூடும்போதே விரிசல் விடும். டர்கொய்ஸ் எண்ணெயையும் சென்டையும் உறிஞ்சி நிறம் மாறும். கல் டயல் வேலை செய்த அனுபவம் உண்டா என்று நேராகவே கேளுங்கள், தயங்கினால் கொடுக்காதீர்கள்.

தங்கம் கறுக்கிறது, பச்சையாகிறது, உள்ளே வெள்ளையாகத் தெரிகிறது

பச்சை அழுக்கு, தங்கத்தோடு கலந்த செம்பும் வியர்வையும் கிரீமும் சேர்ந்தது. இடுக்குகளில் சேர்ந்திருப்பதை மரக் குச்சியின் நுனியால் உலர்ந்த நிலையில் மெல்ல எடுக்கலாம். மணிக்கட்டில் கறுப்புத் தடம் விழுந்தால் பவுடரோ கிரீமோ உலோகத்தைத் தேய்த்து எடுக்கிறது, காரட் குறைந்த தங்கத்தில் இது அதிகம் தெரியும்.

தேய்ந்த மூலையில் வேறு நிறம் தெரிந்தால் முலாம். முத்திரையைப் படியுங்கள்: 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14, 375 என்றால் 9. ஸ்விஸ் உறையில் ஹெல்வெஷியா (ஸ்விட்சர்லாந்தைக் குறிக்கும் பெண் உருவம்) தலை 18 காரட், அணில் 14 காரட். 1995 முதல் இரண்டுக்கும் பதிலாக செயின்ட் பெர்னார்ட் நாயின் தலை வந்துவிட்டது. பிரான்சில் கழுகுத் தலை 18 காரட், ஆந்தை இறக்குமதித் தங்கம். '20 மைக்ரான்' என்று இருந்தால் அது பூச்சின் தடிமன். பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பாலிஷும் இந்த முத்திரையையும் கூரான விளிம்பையும் கொஞ்சம் கரைக்கிறது.

வைரம் பதித்ததென்றால் பட்டுத் துணியை அதன் மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். எங்காவது நூல் மாட்டினால் அந்த இடத்தில் நகம் எழும்பியிருக்கிறது, கல் விழும் முன் நகைக்காரரிடம் காட்டுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் இயந்திரத்தோடு போட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

தங்கச் சங்கிலிப் பட்டை தளர்கிறது, அறுகிறது

பின்னல் பட்டையில் ஓர் இழை விட்டிருந்தால் உடனே கட்டுவதை நிறுத்துங்கள், இழுவை பக்கத்து இழைகளுக்குப் போகும். பற்றவைப்பதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, பட்டை உறையோடு சேர்ந்தே செய்யப்பட்டிருந்தால் இயந்திரத்தை வெளியே எடுத்துவிட்டுத்தான் நெருப்புக் காட்ட வேண்டும், லேசர் வெல்டிங் என்றால் சூடு பரவாது, அது மேல். இரண்டாவது, பழைய ரிப்பேரில் சாம்பல் நிறத் தடம் தெரிந்தால் அது ஈயப் பற்று. அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே தங்கப் பற்று வைத்துச் சூடாக்கினால் ஈயம் தங்கத்துக்குள் இறங்கிக் குழி விழுந்து உடையும். நகைக்காரர் கவனிக்காவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

பட்டுக் கயிறு உள்ள பழைய கடிகாரங்களில் கயிறு நைந்தால் கயிற்றை மட்டும் மாற்றுங்கள், தங்கக் கொக்கியையும் நழுவும் வளையத்தையும் திரும்ப வாங்க மறக்காதீர்கள்.

பேட்டரி வகை என்றால்

வினாடி முள் இருந்து, அது நாலு நாலு வினாடியாகத் தாவினால் பல இயந்திரங்களில் பேட்டரி தீரப்போகிறது என்று பொருள். நின்ற கடிகாரத்தில் பழைய பேட்டரியை விட்டுவைக்காதீர்கள், கசிந்து சர்க்யூட்டை அரித்துவிடும். 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரி போடச் சொல்லுங்கள், அதே அளவிலுள்ள அல்கலைன் வேண்டாம்.

"பார்ட்ஸ் கிடைக்காது, குவார்ட்ஸ் மெஷின் போட்டுத் தரட்டுமா?"

மேலே சொன்ன எந்தக் கோளாறோடு போனாலும் இந்தக் கேள்வி வரும். வேண்டாம் என்று சொல்லுங்கள். குவார்ட்ஸ், அதாவது பேட்டரி இயந்திரம், உட்கார டயலைப் பின்னால் பிடித்திருக்கும் சின்னக் கால்களை வெட்டுவார்கள், முள்ளை மாற்றுவார்கள், சில சமயம் தங்க உறையின் உள்பக்கத்தையே கடைவார்கள். ஒன்றையும் திரும்பச் செய்ய முடியாது.

அதற்குப் பதில் இயந்திரத்தின் காலிபர் எண்ணைக் கேளுங்கள். வழக்கமாக பேலன்ஸ் வீலுக்கு அடியில் கீழ்த்தட்டில் சின்னதாகப் பொறித்திருப்பார்கள், கூடவே செய்த நிறுவனத்தின் அடையாளமும் இருக்கும். டயலில் பெரிய பெயர் இருந்தாலும் உள்ளே ஏ. ஷீல்ட், எஃப்எச்எஃப், ஈட்டா, பெசூ போன்றவர்கள் செய்த அடிப்படை இயந்திரம் இருப்பது அன்றைக்குச் சாதாரணம். அதே காலிபர் எஃகு உறையிலும் முலாம் உறையிலும் வந்திருக்கும், அவை இன்றும் மலிவாக, ரிப்பேருக்கென்றே விற்பனைக்கு வருகின்றன. அப்படி ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்தால் பார்ட்ஸ் இல்லை என்ற பேச்சு முடிந்தது. அந்த நிறுவனமே செய்த தனி இயந்திரம் என்றால் நிறுவனத்தின் பழைய கடிகாரப் பிரிவுக்குத்தான் எழுத வேண்டும், காத்திருக்க வேண்டியிருக்கும்.

கொடுக்கும் முன் டயல், பின்மூடியின் உள்பக்க முத்திரை, இயந்திரம், கிரவுன் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே திறந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகங்கள் உடைந்திருந்தாலும் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். இப்போதைக்குச் சரிசெய்யப் பணமோ ஆளோ இல்லையென்றால் சாவி கொடுக்காமல், உலர்ந்த இடத்தில், காந்தம் எதுவும் பக்கத்தில் இல்லாமல், டயல் மேலே பார்க்க மெத்தென்ற துணியில் வைத்து, அந்த அறிகுறித் தாளையும் மடித்துக் கூடவே வையுங்கள்.